பைன்னா எந்த ரெண்டு?

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடும். பை. பை என்றால் இரண்டு. இதை வைத்துக்கொண்டே விழுப்புரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் காலத்தை ஓட்டி, மாலை போட்டு ஓய்வுக்கு வழியனுப்பும் வரைக்கும் வந்துவிட்டேன்.

இப்போது எழுத உட்கார வைத்தவள் ரம்யா. கண் பரிசோதனைப் படிப்பு படித்துவிட்டு எங்கள் பழைய கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் என் கண்ணாடியின் ஸ்க்ரூ இறுக்கப் போயிருந்தேன். வாங்கிப் பார்த்தவள், "அங்கிள், இன்னுமா பைஃபோக்கல் போட்டுக்கினு இருக்கீங்க? இப்பல்லாம் ப்ரோக்ரசிவ்தான். உள்ள கோடே தெரியாது. பைஃபோக்கலப் பத்தி நம்ம கண்ணாடிக் கடைக்காரங்க சங்க மலருக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிழை வந்தால் என்ன செய்வது? படிக்கிறவர்கள் சிரித்தால்? என் மனைவி கலாதான், "எட்டாங்கிளாசோட நின்னவரு எழுதினா பிழை வராம இன்னா வரும்? நீங்க பாட்டுக்கு எழுதுங்க, அவங்க திருத்திக்குவாங்க" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன் நான். அவள் அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே வாக்கப்பட்டவள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பைஃபோக்கல் என்பது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பவர். மேல்பாதி தூரத்துக்கு. கீழே சின்ன வட்டமாகவோ, குப்புறப் படுத்த இங்கிலீஷ் டி (D) எழுத்தாகவோ ஒரு கட்டம் இருக்கும். அது படிக்க. வட்டக் கட்டம் போட்டதைத் தொழிலில் 'கேடி' என்போம். ஒரு முறை கவுன்டரிலிருந்தவர் உள்ளே பார்த்து, "சேகரு, ஐயா கேடி, ஜல்தியா முடிச்சுக் குடு!" என்று கத்த, அந்த ஐயா போலீசிலிருந்து ஓய்வு பெற்ற ஏட்டு. "நான் எத்தன கேடியப் புடிச்சவன், என்னையே கேடிங்கறியா?" என்று எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு டீ செலவானது. பை-டீ.

நான் வளவனூரில் ஒரு சோடா கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவன். பாட்டில் வெடிக்குமோ வெடிக்குமோ என்ற பயத்திலேயே அந்த வேலையை விட்டுக் கண்ணாடிக் கடைக்கு வந்தேன். இங்கே லென்ஸ் உடையுமோ என்ற பயம். வெட்டி வந்த லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குச் சுற்றுகிற கல்லில் தேய்த்து உட்காரவைப்பதுதான் என் வேலை. கல்லில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பெயரும். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். பயந்தவன் கையில் பொருள் உடையாது என்று முதலாளி சொல்வார். அது உண்மைதான்.

கண் பரிசோதித்துப் பவர் எழுதுகிறவர் கோதண்டம் சார். என்னை வேலை வாங்கியவரும் அவர்தான். குரலை உயர்த்த மாட்டார். சட்டையின் ஒரு பையில் டார்ச்சும், இன்னொரு பையில் வறுத்த மல்லாட்டையும் வைத்திருப்பார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. யாராவது ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. ஒரு மல்லாட்டையை எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, உடைத்து, பருப்பை வாயில் போட்டு, தோலை ஊதிவிட்ட பிறகுதான் வரும். அதற்குள் கேட்டவனுக்கே பாதி விளங்கிவிடும்.

பைஃபோக்கல் என்றால் என்ன சார் என்று கேட்டபோதும் அப்படித்தான். உடைத்த மல்லாட்டையை நீட்டினார். "இன்னா தெரியுது?"

"ரெண்டு பருப்பு சார்."

"ஓடு எத்தன?"

"ஒண்ணு."

"அவ்ளோதான். பைன்னா ரெண்டு. ஒரு ஓட்டுல ரெண்டு பருப்பு."

எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கண்ணில் படுகிற வார்த்தையை எல்லாம் உடைக்க ஆரம்பித்தேன். பைக் என்றால் இரண்டு சக்கரம். சரி. பைனாகுலர், இரண்டு குழாய். சரி. "பைல்ஸ் சார்?" என்றேன். சார் மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டார். "அது வேற கம்பெனி. பிஸ்கட்ட கேளு. அதுகூட ரெண்டுதான். ரெண்டு தடவ சுட்டதுன்னு அர்த்தம்." நான் நம்பவில்லை. இன்றைக்கு வரைக்கும் பாதிதான் நம்புகிறேன்.

இந்த அரைகுறைப் படிப்பு ஒரு தரம் என்னைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழ வைத்தது. கலாவுக்குக் கழுத்தில் கட்டி. டாக்டர், "ஒரு பயாப்ஸி எடுத்துப் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். பைன்னா ரெண்டு. ஒரு கட்டி இருக்கிற இடத்தில் இரண்டாவது கட்டி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டு கடைக்குப் போனவனைப் பார்த்துச் சார், "யோவ், அது பை இல்ல, பயோ. பயோன்னா உயிரு" என்றார்.

"உயிருக்கே வந்துடுச்சா சார்?"

"போய்யா! உடம்புலேர்ந்து துளியூண்டு எடுத்துப் பாக்கறது. முதல்ல மூஞ்சக் கழுவு."

வெறும் கொழுப்புக் கட்டி. கலா இன்றைக்கும் கோபம் வந்தால், "எனக்குன்னு ரெண்டாவது கட்டி நீங்கதான்" என்பாள்.

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. தயாரான கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கி நான்தான் பஸ்ஸில் கொண்டுபோவேன். அந்தக் கிளைக்குக் கண் டாக்டர் வந்து பார்க்கிற வழக்கம் இருந்தது. முதலாளியின் மகன் டாக்டர் வருகை 'பை-வீக்லி' என்று அழகாகப் போர்டு எழுதி மாட்டினார். வாரத்துக்கு இரண்டு தடவை என்று பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று மீதிப் பேர். பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து வந்து ஏமாந்த ஒரு பெரியவர், "உங்க டாக்டரு வர்றதுக்குள்ள என் பார்வை தன்னால வந்துரும் போல" என்று திட்டிவிட்டுப் போனார். நான் போய்ச் சாரிடம் சொன்னேன். மல்லாட்டை உடைந்தது. தோல் பறந்தது.

"இந்த வார்த்தைக்கு இங்கிலீஷ்காரனுங்களே அடிச்சிக்கிறாங்க. எந்த ரெண்டுன்னு சொல்லாத வார்த்தை அது. ரெண்டுன்னு எவனாவது சொன்னா, எந்த ரெண்டுன்னு கேளு. போர்டக் கழட்டிட்டு செவ்வாக்கெழமைன்னு எழுதச் சொல்லு."

எந்த ரெண்டு. அந்த இரண்டு சொல்லுக்கு என்ன விலை என்று பிறகுதான் தெரிந்தது.

பெட்டியோடு நான் ஏறுகிற பஸ் ஒரு தனியார் வண்டி. டிரைவர் ஏழுமலை அண்ணன். நல்ல தாட்டியான ஆள், சிரித்தால் இஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்கும். கண்ணாடிப் பெட்டி குலுங்கக் கூடாது என்று எனக்காகப் பள்ளத்தில் மெதுவாக இறக்குவார். தூரத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தவருக்குப் படிக்கவும் கஷ்டமாகிவிட்டது. மகள் அனுப்புகிற செய்தியைக் கையை நீட்டி நீட்டிப் பார்த்து, கை போதாமல் கண்டக்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவரைப் பைஃபோக்கலுக்கு நான்தான் அழைத்து வந்தேன்.

டிரைவருக்குக் கட்டம் வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃப்ரேமை மாட்டி, அவர் கண்ணும் நம் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கிற மாதிரி எதிரே உட்கார வேண்டும். "என் மூக்கப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். குனியவும் கூடாது, நிமிரவும் கூடாது. மற்றவர்களுக்குக் கீழ் இமையின் ஓரத்தில் மார்க்கரால் கோடு போட்டால் அதுதான் கட்டத்தின் மேல்விளிம்பு. டிரைவருக்கு அதைவிடச் சற்றுக் கீழே போட வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டைப் பார்க்கும்போது கட்டம் குறுக்கே வரும். சார் அழித்து அழித்து மறுபடி போட்டார். ஏழுமலை அண்ணன், "இன்னா சார், கல்யாணப் பொண்ணுக்கு மை தீட்டற மாதிரி தீட்டறீங்க" என்றார்.

கண்ணாடியை மாட்டி அனுப்பும்போது நான் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் பெருமையாகச் சொன்னேன். "அண்ணே, பைன்னா ரெண்டு. ரெண்டு பவரு. மொதல்ல ஒரு மாதிரிதான் இருக்கும், போகப் போகப் பழகிடும்."

சில வாரம் கழிந்து, ஒரு காலை நேரம். பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார்.

"அண்ணே, கண்ணாடி எப்பிடி?"

"சூப்பருப்பா! நேத்துலேர்ந்துதான் நல்லா வேலை செய்யுது. கிட்டத்துல எல்லாம் ஒண்ணு. தூரத்துல எல்லாம் ரெண்டு ரெண்டு. எதுத்தாப்புல ஒரு லாரி வந்தா, கூடவே அதுக்குத் தம்பியும் வர்றான்."

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். "நீதான சொன்ன, பைன்னா ரெண்டுன்னு. சொன்ன சொல்லு தவறல" என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டிக்குப் போனார்.

கடைக்குப் போய்க் கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். தண்ணீர் சொட்டியது. வேலையில் மனசு ஓடவில்லை. எனக்குக் கவலை வருவது புதிதில்லை, பூட்டிய கதவையே மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன். ஆனால் இது வேறு மாதிரி அரித்தது. சாரிடம் போய் லாரிக்குத் தம்பி வருகிற கதையைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னேன். அவர் கை மல்லாட்டையோடு அப்படியே நின்றது. உடைக்கவில்லை.

"எந்த ரெண்டு? மேலயும் கீழயுமா, பக்கத்துல பக்கத்துலயா?"

"கேக்கல சார்."

"கட்டத்தால வர்ற குழப்பம் கீழ பாக்கறப்பதான் வரும், சேகரு. தூரத்துல பக்கத்துல பக்கத்துல ரெண்டு தெரிஞ்சா அது கண்ணாடி இல்ல, கண்ணு. கண்ண இழுக்கற நரம்புல கோளாறு. கண்ணாடியக் கழட்டிப் பாக்கச் சொல்லு. அப்பறம் ஒரு கண்ண மூடிப் பாக்கச் சொல்லு. மூடினதும் ஒண்ணாயிடுச்சின்னா, வண்டிய எடுக்க வுடாத. ஓடு."

ஓடினேன். கையில் இடுக்கி இருந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தேன். வண்டி நிறைய ஜனம். கண்டக்டர் பாபு விசில் கொடுத்துவிட்டான். ஏழுமலை அண்ணன் கியரில் கை வைத்துவிட்டார். முன்படியில் தாவி ஏறி இஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, அந்தக் கொடிக்கம்பத்தப் பாருங்க. எத்தன?"

"ரெண்டு."

"மேல கீழயா, பக்கத்துலயா?"

"கம்பம் எங்கயாவது மேல கீழ நிக்குமா? பக்கத்துலதான். நடுவுல ஒரு முழம்."

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க."

"மங்கலா ரெண்டு. யோவ், டைம் ஆவுதுய்யா."

"ஒரே ஒரு தடவ, ஒரு கண்ண மூடுங்க."

அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். கம்பத்துக்கு நேர்கீழே பூக்கூடையோடு ஓர் அம்மா. ஏழுமலை அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாடா, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு கண்ணடிக்கச் சொல்றியா? அந்தம்மா என் பொண்டாட்டி ஊருதான்டா."

"அண்ணே, கையால மூடிக்குங்க!"

உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்தினார். கையை எடுத்தார். மறுபடி பொத்தினார்.

"அட! ஒண்ணாயிடுச்சே. சரி வுடு, மூடிக்கினே ஓட்டிடறேன்."

பின்னாலிருந்து ஒருவர், "யோவ் டிரைவரு, அங்க இன்னா கண்ணாமூச்சி ஆடிக்கினு இருக்கீங்க? திண்டிவனத்துல முகூர்த்தம் முடிஞ்சி பந்தியும் முடிஞ்சிரும்!" என்று குரல் கொடுத்தார்.

விக்கிரவாண்டி தாண்டி அந்தப் பெரிய ரோட்டில், எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தம்பியோடு இவர் ஓட்டுவதை நினைத்தேன். உள்ளே எத்தனை குழந்தைகள் என்று எண்ணக்கூடத் தைரியம் வரவில்லை. ஆனால் டிரைவருக்குக் கண்ணில் கோளாறு என்று அத்தனை பேர் முன்னால் கத்தினால், நாளைக்கு அவர் கண் சரியானாலும் அந்த ஸ்டியரிங்கை யாராவது அவரிடம் கொடுப்பார்களா? ஊர் வாய் ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான்.

அவர் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "அண்ணே, நான் லென்ஸ மாத்திப் போட்டுட்டேன். வேற ஒருத்தர் பவரு. இதோட ஓட்டக் கூடாது. கடைக்கு வாங்க" என்று கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கண்ணாடி இல்லாமல் அவரால் எடுக்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பிறகு நான் வாங்கியதை எல்லாம் அச்சில் போட முடியாது. "கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு தெரியல போலக்குது" என்றது ஒரு குரல். "பேஜாரு புடிச்சவன், காலங்காத்தால வந்து உயிர வாங்கறான்" என்றான் பாபு. கூட்டிப் பெருக்குகிற மாதிரி என்னை இறக்கினார்கள். மாற்று டிரைவர் வந்து வண்டியை எடுத்தார்.

ஏழுமலை அண்ணன் ரோட்டில் நின்று என்னையே பார்த்தார். "நெஜமாவே மாத்திப் போட்டியா?"

"இல்லண்ணே."

அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் சார் ஆட்டோவோடு வந்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எக்கச்சக்கம். அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கிற நரம்பு அதனால்தான் சோர்ந்து போயிருந்தது. சர்க்கரை அடங்கினால் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும், ஆனால் உறுதி சொல்ல முடியாது, அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

இப்படி இரண்டாகத் தெரிவதற்கும் ஓர் இங்கிலீஷ் பெயர் இருக்கிறது என்றார் சார். டிப்ளோப்பியா. "அதுல பையே இல்லையே சார்?" என்றேன். "அதுலயும் ரெண்டுதான். கிரேக்கக்காரன் ரெண்டு" என்றார்.

கடைக்குத் திரும்பியபோது செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. முதலாளி முகம் கடுகடு. "லென்ஸ மாத்திப் போட்டியாமே? கடைப் பேரு இன்னாத்துக்கு ஆவறது?" சார் உள்ளே போய்க்கொண்டே, "அவன் லென்ஸ மாத்திப் போடல, வாயத்தான் மாத்திப் போட்டான். உள்ள வாங்க, சொல்றேன்" என்றார். கதவு மூடியது. வெளியே வந்த முதலாளி எனக்கு ஒரு டீ சொன்னார். நான் பார்த்து அவர் யாருக்கும் டீ சொன்னதில்லை.

கண்ணாடியின் ஒரு பக்கத்தில் சார் வெள்ளை டேப் ஒட்டிக் கொடுத்தார். இரண்டு தெரியாமல் நடமாட அது போதும். பஸ் கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். ஏழுமலை அண்ணனுக்கு ஸ்டாண்டிலேயே ஆள் கூப்பிடுகிற வேலை கொடுத்தார்கள். "திண்டிவனம் திண்டிவனம்! திண்டிவனம் திண்டிவனம்!" "இப்ப என் வாயும் பைஃபோக்கல் ஆயிடுச்சிப்பா" என்பார். சிரிப்பு மட்டும் முன்போல இல்லை. தன் வண்டியை இன்னொருவர் ரிவர்ஸ் எடுப்பதை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. தலையைக் குனிந்துகொள்வேன்.

வேலை முடிந்து போகும்போது கடை வாசலில் நிற்பார். டேப் ஒட்டிய கண்ணாடியைக் கழற்றிவிட்டு தூரத்தில் ஸ்டாண்டுப் பக்கம் தெரிகிற அதே கொடிக்கம்பத்தைப் பார்ப்பார். நானும் கூட நிற்பேன்.

"எத்தனண்ணே?"

"ரெண்டு. நடுவுல ஒரு முழம்."

பல வாரம் முழம் முழமாகவே இருந்தது. வராது போலிருக்கிறது என்று நான் அவருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன். கேப்பைக் கூழும் மாத்திரையுமாக அவர் பாட்டுக்கு இருந்தார். அப்புறம் ஒரு நாள், "ஒரு சாண்" என்றார். அப்புறம், "நாலு விரக்கட." அப்புறம் கம்பத்தோடு கம்பம் ஒட்டிக்கொண்டது, உச்சியில் கொடி மட்டும் இரண்டு. பிறகு ஒரு சாயங்காலம் வந்து நின்றவர் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனண்ணே?"

"எண்ணிக்கினு இருக்கேன்."

"ஒரு கம்பத்த எண்ண இவ்ளோ நேரமா?"

"ஒரு கம்பந்தான்டா!" என்றார். அந்தச் சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். பூக்கார அம்மா திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் பார்த்துச் சரி சொல்லி, அவர் மறுபடி வண்டி எடுத்த காலையில் கடை வாசலில் பஸ்ஸை ஒரு நொடி நிறுத்தி, என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எங்கள் இருவரையும் தப்பாக நினைத்திருப்பார்கள். பரவாயில்லை.

அதற்குப் பிறகு பைஃபோக்கல் கொடுக்கும்போது நான் சொல்லுகிற பாடம் நீண்டுவிட்டது. "பைன்னா ரெண்டுங்க. அந்த ரெண்டும் கண்ணாடிக்குள்ளதான். வெளிய எல்லாம் ஒண்ணாத்தான் தெரியணும். வெளிய ரெண்டு தெரிஞ்சா பழகிடும்னு இருக்காதீங்க, ஓடி வந்துருங்க." கவுன்டரில் இருப்பவர்கள் இதை மந்திரம் என்று கேலி செய்வார்கள். ரம்யாவுக்கும் சொன்னேன். ப்ரோக்ரசிவில் பையே இல்லையே அங்கிள் என்றாள். கண்ணு ரெண்டுதானேம்மா என்றேன்.

எனக்கும் இப்போது சர்க்கரை. பைஃபோக்கலும் உண்டு. காலையில் எழுந்ததும் வாசலில் நின்று, தெருக்கோடியில் இருக்கும் லைட்டுக் கம்பத்தை இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன். பிறகு ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன். பிறகு மற்றதை. நேற்றும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து கலாவின் குரல் வந்தது.

"எதுத்த வூட்டம்மா தண்ணி தெளிச்சிக்கினு இருக்காங்க. யாரப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?"

"கம்பத்த."

"எத்தன இருக்குது?"

"ஒண்ணுதான்."

"அப்ப உள்ள வாங்க. டீ ஆறுது."